முதிர்ச்சிக்கு அளவு ஆண்டோ?

வயதுக்கு மரியாதை செய்வது நம் மக்களிடையே ஊறிப்போன வழக்கம். ஒரு யோசனை சரியா, தவறா என்று ஆராய்வதற்கு முன்னே அதைச் சொன்னவருக்கு வயது என்ன என்று கேட்கிறோம். நரைத்த தலை பேசினால் அனுபவம் என்கிறோம்; அதையே கறுத்த தலை பேசினால் அதிகப்பிரசங்கித்தனம் என்கிறோம். ஆண்டுகள் கழிவதும் முதிர்ச்சி உண்டாவதும் ஒன்றுதானா என்னும் இக்கேள்வியை மனிதரை வைத்து ஆராயப் புகுந்தால் கோபதாபங்கள் குறுக்கிடும். பெரியவர்களும் சிறியவர்களும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொள்வார்கள். ஆகவே நாம் முதலில் மனிதரை விட்டு ஒரு பானத்தை எடுத்துக்கொள்கிறோம். ஸ்காட்லாந்து தேசத்து விஸ்கி என்பது தன் வயதை நெற்றியிலே எழுதிக்கொண்டு விலைக்கு வருகின்ற பொருள். 10, 12, 18, 25 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். இப்படிப்பட்ட உலகத்திலே 2004-ஆம் ஆண்டில் ஒரு விஸ்கி வயதையே எழுதாமல், தான் கிடந்த பீப்பாயின் அளவையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டு வெளிவந்தது. அதைச் சுவைத்ததனால் நம் மனத்தில் எழுந்த விசாரணையே இக்கட்டுரை.

சாராயத்தைப் பற்றி எழுத இவ்விடந்தானா கிடைத்தது என்று முகஞ்சுளிக்கும் வாசகரும் இருப்பர். கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருப்பதை நாமும் அறிவோம். வாரக்கூலியைக் குடித்தழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவனுக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. ஒரு பொருளின் மதிப்பை எதைக்கொண்டு அறிவது என்பதே நமது கேள்வி. அதற்கு ஒரு தேக்கரண்டியளவு பானமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

விஸ்கியின் உற்பத்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வாற்கோதுமையை நனைத்து முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் அதன் இனிப்பை இறக்கி, நொதிக்கவைத்துச் செம்பு வாலையில் வடிக்கிறார்கள். ஒரே வடிசாலையில், முளைகட்டிய வாற்கோதுமை ஒன்றிலிருந்தே வடிக்கப்பட்டதற்குத்தான் சிங்கிள் மால்ட் என்னும் பெயர் உரியது. ஐலா என்னும் தீவிலே, சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் பீட் என்கிற மக்கிய கரிமண்ணை எரித்து அந்தப் புகையிலே தானியத்தை உலர்த்துவது வழக்கம். அத்தீவின் தென்கரையில் 1815-இல் ஜான்ஸ்டன் சகோதரர்கள் தொடங்கிய லஃப்ராய்க் என்னும் வடிசாலையினுடையதே மேலே நாம் குறித்த விஸ்கி. அதன் பெயர் குவார்ட்டர் காஸ்க், அதாவது, கால்பீப்பாய்.

வாலையிலிருந்து இறங்கும்போது சரக்கு தண்ணீர்போலத் தெளிவாயிருக்கும், குடிப்பதற்குக் கரடுமுரடாயிருக்கும். பிறகு அதை ஓக் மரப் பீப்பாயில் அடைத்துவைக்க வேண்டும். மூன்று ஆண்டேனும் இவ்வாறு கிடந்தாலொழிய அதை ஸ்காட்ச் விஸ்கி என்று சொல்லலாகாது என்பது சட்டம். இச்சட்டத்தின் பிறப்பு விசித்திரமானது. சுவையை முன்னிட்டு அது பிறக்கவில்லை. முதல் உலக யுத்தத்தின்போது தொழிலாளரின் குடிப்பழக்கம் ஆயுத உற்பத்தியைக் கெடுக்கிறதென்று அஞ்சிய லாயிட் ஜார்ஜின் முயற்சியால் 1915-இல் முதிராத சாராயத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. முதலில் இரண்டாண்டு, பின்னர் மூன்றாண்டு என்று கட்டாயக் காவல் விதித்தது. குடியைக் குறைக்க எழுந்த சட்டம் குடிக்கும் பொருளின் தரத்தை உயர்த்திவிட்டது! சட்டங்கள் தாம் கருதியதைச் செய்யாமல் கருதாத நன்மையைச் செய்துவிடுவதற்கு இது நல்ல உதாரணம். 2009-ஆம் ஆண்டு விதிகளோ பீப்பாய் 700 லிட்டருக்கு மேற்படலாகாது என்கின்றன. எவ்வளவு சிறியதாயிருக்கலாம் என்பதற்கு எல்லை எதுவும் வகுக்கவில்லை.

பீப்பாயினுள்ளே நடப்பது என்ன? முதலாவது, மரம் தருகிறது. உட்புறம் நெருப்பில் கருக்கப்பட்ட ஓக் மரத்திலிருந்து வெனிலாவின் மணமும், தேங்காய் மணமும், எரிந்த சர்க்கரையின் இனிப்பும், பொன்னிறமும், துவர்ப்பும் சாராயத்தில் இறங்குகின்றன. இரண்டாவது, போகவேண்டியவை போகின்றன. புதுச்சாராயத்திலுள்ள கந்தகநெடியை மரத்தின் கரி இழுத்துக்கொள்கிறது. சரக்கிலும் ஒரு பகுதி மரத்தின் வழியே ஆவியாகிறது. ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு இவ்வாறு போகிறது. தேவதூதர் பங்கு என்று அதற்கு அங்கே பெயர். மூன்றாவது, காற்று மெல்லமெல்ல உட்புகுந்து, உள்ளேயிருக்கும் பொருள்களை ஒன்றோடொன்று கூடி வேறொன்றாகச் செய்கிறது. பழவாசனை போன்ற நுண்ணிய மணங்கள் சில இவ்வழியிலேதான் பிறக்கின்றன. இம்மூன்றும் ஒரே காலத்தில் நடந்தாலும் ஒரே வேகத்தில் நடப்பவையல்ல.

சிறு பீப்பாயின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. முழு மாங்காயை உப்பிலிட்டால் ஊறப் பலநாள் ஆகும். நறுக்கிப் போட்டால் சீக்கிரம் ஊறிவிடும். நறுக்கும்போது மாங்காய் அதிகமாகிவிடுவதில்லை, உப்புப் படுகின்ற பரப்பு அதிகமாகிறது. பீப்பாயும் அப்படியே. ஒரே வடிவமுள்ள இரண்டில் ஒன்று மற்றதன் நீள உயரங்களில் பாதியாயிருந்தால், அதன் கொள்ளளவு எட்டில் ஒன்றாகும். உட்பரப்போ நான்கில் ஒன்றாகவே குறையும். ஆகவே லிட்டர் ஒன்றுக்குக் கிட்டும் மரம் இரட்டிக்கிறது. லஃப்ராய்க்கின் கால்பீப்பாய் சுமார் 125 லிட்டர் கொள்வது. 500 லிட்டர் பெரும்பீப்பாயில் கால்பங்கு. அப்பெரும்பீப்பாயோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு நூற்றுக்கு 59 பங்கு மரப்பரப்பு கூடுகிறது. ஆனால் அமெரிக்காவிலிருந்து வரும் 200 லிட்டர்ப் பீப்பாயே ஸ்காட்லாந்தில் இன்று மிகுதியாக வழங்குவது. அதனோடு ஒப்பிட்டால் கூடுதல் நூற்றுக்கு 17தான். விளம்பரம் செய்பவர்கள் முதற்கணக்கை உரக்கவும் இரண்டாங்கணக்கை மெல்லவும் சொல்லுவது இயல்பே.

இனிச் சுவைக்கு வருவோம். நூற்றுக்கு 48 பங்கு வீரியமுள்ள சரக்காகையால் சில துளி நீர் சேர்ப்பது நலம். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுவந்தவுடன் எழுவது புகை. சமையற்கட்டுப் புகையன்று, மழையில் நனைந்த சருகைக் குவித்துக் கொளுத்தினாற்போன்ற புகை. அதனோடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் அயோடின் நெடியும் கலந்திருக்கிறது. (அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த நாளில் லஃப்ராய்க் மருந்தென்று சொல்லி அங்கே இறங்கியதாக ஒரு கதை வழங்குகிறது, மோந்து பார்த்த அதிகாரி நம்பியிருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை.) சற்றுப் பொறுத்தால் துருவி வறுத்த தேங்காயும் வெனிலாவும் மேலே வருகின்றன. நாவில் இனிப்பு முந்துகிறது, வெண்ணெய்போல் வழவழப்பாயிருக்கிறது, பின் மிளகின் காரம், கடைசியில் உலர்ந்த புகை தொண்டையை விட்டுப் போக மனமில்லாமல் நெடுநேரம் தங்குகிறது.

நல்ல பானமே. மலிவான தந்திரம் என்று இதைத் தள்ளிவிட நம் நாக்கு சம்மதிக்கவில்லை. ஆனால் அதே வடிசாலையின் 10 ஆண்டு விஸ்கியைப் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. கால்பீப்பாயில் இனிப்பும் புகையும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் இரண்டு குடும்பங்களைப் போலிருக்கின்றன. சண்டையில்லை, ஆனால் அடுப்பு வேறு. 10 ஆண்டுச் சரக்கில் அவை சம்பந்தம் செய்துகொண்டுவிட்டன. எது யாருடைய பாத்திரம் என்று சொல்லமுடியவில்லை. மரம் தரவேண்டியதைச் சிறு பீப்பாய் விரைந்து தந்துவிட்டது. காற்று செய்யவேண்டிய வேலையை அது அவ்வளவாக விரைவுபடுத்தவில்லை என்பதே நாம் கண்ட பொருள். மலாயாவில் துரைமார்கள் விஸ்கியில் சரிபாதி சோடா விட்டு ஸ்டெங்கா என்று பருகிய காலம் ஒன்றிருந்தது. பாதி என்னும் மலாய்ச் சொல்லே அப்பெயருக்கு மூலம். அப்படிப் பருகினால் இந்த நுட்பமெல்லாம் சோடாவோடு போய்விடும். ஐந்தாண்டும் பத்தாண்டும் ஒன்றே.

நம் நாவின் தீர்ப்பை மட்டும் நம்பச் சொல்லவில்லை. அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்து பஃபலோ டிரேஸ் வடிசாலையார் 2006-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே சரக்கை 5, 10, 15 காலன் பீப்பாய்களில் அடைத்தார்கள். அதாவது ஏறக்குறைய 19, 38, 57 லிட்டர். வழக்கமான பீப்பாயோ 53 காலன். ஆண்டுதோறும் சுவைத்துப் பார்த்தார்கள். ஆறாண்டு கழிந்தபின் 2012-இல் சோதனை தோல்வி என்று தாங்களே வெளியிட்டார்கள். சிறு பீப்பாய்ச் சரக்கு சீக்கிரத்தில் கறுத்தது. கருகிய மரத்தின் சுவையை ஏராளமாக ஏற்றது. ஆனால் ஆழம் வரவில்லை. பெரிய பீப்பாயின் முதிர்ச்சியை அது பின்னரும் எட்டவில்லை. சொந்தத் தோல்வியை ஊரறியச் சொல்லிய அந்த வியாபாரிகளை நாம் பாராட்டுகிறோம். இத்தகைய அறிக்கைகள் வியாபார உலகில் அபூர்வம்.

இந்தச் செய்தியைப் படித்தபோது நமக்கு நினைவு வந்தவர்கள் சிறுவர்கள். தகப்பனை இழந்து பத்து வயதிலே குடும்பச் சுமையை ஏற்றவனைக் கண்டு, ஆஹா, எவ்வளவு பக்குவம், எவ்வளவு பொறுப்பு என்று வியக்கிறோம். அவன் பேச்சிலே நிதானம் இருக்கிறது; காசின் அருமை தெரிகிறது; விளையாட்டுப் புத்தி இல்லை. எல்லாம் மெய்யே. நெருக்கமான இடத்தில் சுவர் எப்பக்கமும் உடம்பில் படும்படி வளர்ந்தவன் அவன். சுவரின் நிறம் அவன்மேல் சீக்கிரம் ஏறிவிட்டது. அந்த நிறத்தையே நாம் முதிர்ச்சி என்று புகழ்கிறோம். ஓடியாடித் திரியவும், பயனற்ற கேள்விகள் கேட்கவும், தவறு செய்து திருந்தவும் அவனுக்குக் கிடைக்காமற்போன ஆண்டுகளை யாரும் எண்ணுவதில்லை. முப்பது வயதில் அவனிடம் ஒரு கசப்பு தலைகாட்டும்போது, இவ்வளவு பக்குவமாக இருந்தவன் ஏன் இப்படி ஆனான் என்று அதே வாயால் கேட்கிறோம். வறுமை மனிதனைப் புடம்போடுகிறது என்று மேடையில் முழங்குகிறவர்கள் பெரும்பாலும் வறுமையில் வளராதவர்களாயிருப்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம்.

அப்படியானால் முதுமையே முதிர்ச்சி என்று பழைய வழக்கத்திற்குத் திரும்பிவிடுகிறோமா? இல்லை. பலமுறை உபயோகித்துச் சாரமிழந்த பீப்பாயில் 20 ஆண்டு கிடந்தும் வெளிறிய சரக்கு உண்டு. ஆண்டு கழிந்தது, பெற்றது சொற்பம். அதிக வீரியமுள்ள மரத்தில் அதிக காலம் கிடந்து, பலகையைச் சப்புவதுபோல் துவர்க்கும் சரக்கும் உண்டு. இவற்றின் நெற்றியிலும் பெரிய எண்தான் எழுதியிருக்கும். உஷ்ண தேசத்திலோ கணக்கே வேறு. பெங்களூரின் அம்ருத் வடிசாலையார் ஆண்டுக்கு நூற்றுக்கு 10 பங்குக்கு மேலும் ஆவியாகப் போவதாகச் சொல்லுகிறார்கள். அவர்கள் தம் சிங்கிள் மால்ட்டை, இந்தக் கால்பீப்பாய் வெளிவந்த அதே 2004-இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்தார்கள். குளிர்தேசத்து ஆண்டும் வெயில்தேசத்து ஆண்டும் பஞ்சாங்கத்தில் ஒன்றாயிருக்கலாம், பீப்பாய்க்குள் ஒன்றல்ல.

லஃப்ராய்க் வடிசாலையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு மனித உதாரணம் இருக்கிறது. 1934-இல் கிளாஸ்கோவிலிருந்து பெஸ்ஸி வில்லியம்சன் என்னும் இளம்பெண் கோடைகாலத்துத் தற்காலிகச் சுருக்கெழுத்துக் குமாஸ்தாவாக அங்கே வந்தார். அக்குடும்பத்தினரல்லர், விஸ்கித் தொழிலில் பிறந்தவருமல்லர். பிள்ளையில்லாத முதலாளி இயன் ஹண்டர் 1954-இல் இறந்தபோது வடிசாலையை அவருக்கே விட்டுச்சென்றார். ஆண்கள் ஆண்டுவந்த தொழிலிலே அவர் பல்லாண்டு தலைமை வகித்தார். குமாஸ்தா ஒருவரைப் பற்றிய இச்செய்தியை எழுதும்போது நமக்குச் சிறிது கூடுதலான மகிழ்ச்சி உண்டாவதை மறைக்க வேண்டுவதில்லை. அவருடைய 20 ஆண்டுகள் நாற்காலியில் கழிந்த 20 ஆண்டுகளாயிருந்தால் ஹண்டர் அவரைத் தேர்ந்திருக்கமாட்டார். 20 மாதத்தில் தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தாலும் தேர்ந்திருக்கமாட்டார்.

வயது எண் முதிர்ச்சிக்குச் சரியான அளவன்று என்று கண்டோம். ஆகவே அந்த எண்ணை எடுத்துவிடலாம், சுவையே பேசட்டும் என்று வியாபாரிகள் இப்போது சொல்லுகிறார்கள். கேட்பதற்கு இது நம் கட்சி போலவே இருக்கிறது. ஆனால் நாம் இங்கே அவர்களோடு செல்லத் தயங்குகிறோம். சுவையை யாரால் அறிய முடியும்? புட்டியைத் திறந்து பார்க்கக்கூடியவனால் முடியும். கடையில் நிற்பவன் மூடிய புட்டியைத்தான் பார்க்கிறான். எளியவன் சோதித்தறியத்தக்க உண்மையென்று அதன்மேல் இருந்தது அந்த எண் ஒன்றுதான். அது குறைவான உண்மை. ஆயினும் பொய் சொல்லமுடியாத உண்மை. ஏனெனில் ஒரு புட்டியில் பல வயதுச் சரக்குகள் கலந்திருந்தால் அவற்றில் மிக இளையதன் வயதையே எழுதவேண்டும் என்பது விதி. 30 ஆண்டுச் சரக்கு நிறைந்த தொட்டியில் 5 ஆண்டுச் சரக்கு ஒரு கிண்ணம் ஊற்றினால் புட்டியில் 5 என்றே எழுதவேண்டும். பெரியவரின் வயதைச் சொல்லிச் சிறியவரை விற்கமுடியாது. நம் சபைகளிலும் சங்கங்களிலும் இவ்விதியை அமல்படுத்தினால் எத்தனை பெயர்ப்பலகைகளை மாற்றவேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

எண்ணை நீக்குவது சுவையின் பெயரால் செய்யப்பட்டாலும், அதன் பலன் தெரிந்தவனுக்கு அல்ல, விற்பவனுக்கே சேர்கிறது. இருப்பில் முதிர்ந்த சரக்கு குறைந்தபோது இளைய சரக்கை அனுப்ப அது வழிசெய்கிறது. ஆயினும் விதியும் குற்றமற்றதன்று. லண்டனிலுள்ள காம்பஸ் பாக்ஸ் என்னும் கம்பெனி, தான் வெளியிட்ட இரண்டு விஸ்கிகளில் கலந்த ஒவ்வொரு சரக்கின் வயதையும் பங்கையும் 2015-இல் பகிரங்கமாகச் சொல்லியது. மிக இளையதன் வயதைத் தவிர வேறு வயதைச் சொல்லுவது சட்டவிரோதம் என்று எச்சரிக்கப்பட்டு, அந்த விவரத்தை நீக்கவேண்டியதாயிற்று. ஒன்றும் சொல்லாதிருக்கலாம், முழுதும் சொல்லலாகாது! ஏமாற்றுபவனைக் கட்ட எழுந்த கயிறு ஒளிவுமறைவில்லாதவனையும் சேர்த்துக் கட்டிவிட்டது. 2016-இல் அக்கம்பெனி இவ்விதியை மாற்றவேண்டுமென்று ஒரு கிளர்ச்சியும் தொடங்கியது.

சிறு பீப்பாயை உபயோகிப்பதில் வஞ்சகம் ஏதுமில்லை. அது ஒரு கைவினை. லஃப்ராய்க்கார்கள் முழுக்காலமும் அதில் போட்டுவைப்பதுமில்லை; வழக்கமான பீப்பாயில் சில ஆண்டுகள் வைத்து, முடிவில் சில மாதம் மட்டும் சிறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். மரம் மிஞ்சுவதற்குள் எடுத்துவிடவேண்டும். எப்போது எடுப்பது என்பதைப் பஞ்சாங்கம் சொல்லாது, அடைப்பைத் திறந்து மோந்து பார்க்கிறவனுடைய மூக்குத்தான் சொல்லவேண்டும். பீப்பாய் சிறியது என்று பெருமையோடு பெயரிட்டவர்கள், பெரியதில் எத்தனை ஆண்டு, சிறியதில் எத்தனை மாதம் என்னும் இரண்டு எண்களையும் புட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கலாம். அந்த எண்கள் சிறியனவாகவே இருக்கும். அவற்றைப் பார்த்தபின்பும் நாம் அந்தப் புட்டியை வாங்கியிருப்போம்.